உறைபனியில் கூடியோர்: குளிர்கால மகிழ்ச்சியின் வரலாறு

ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ்ச் சான்றோர் அவற்றுள் இரண்டினைப் பனிக்கே உரியனவாக்கினர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. அவற்றுக்கு முற்பட்ட கூதிர்காலத்தின் குளிரை நெடுநல்வாடையிற் காட்டவந்த நக்கீரர், கோவலர் தீமூட்டிக் கைகாய்ச்சுவதையும், வேனிலுக்குரிய விசிறிகள் சிலந்தி நூல் படர்ந்து தொங்குவதையும், குளிரால் இசை திரிந்த யாழ் நரம்பை மகளிர் வெம்மையூட்டிச் சீர்செய்வதையும் அடுக்கிச் சொல்கிறார். குளிர் மிகும்போது மனிதர் நெருங்கி அமர்கின்றனர், தீயை நாடுகின்றனர், பாட்டைத் தேடுகின்றனர். இவ்வுண்மையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர் கண்டிருந்தனர். எனினும் ஆறு உறைந்து தரையாகும் குளிரைத் தமிழ்நிலம் அறியாது. அத்தகைய குளிரினை ஆண்டுதோறும் எதிர்கொண்ட நாட்டினர் அதனை எவ்வாறு கழித்தனர், எவ்வாறு அதனுள் மகிழ்ச்சியும் கண்டனர் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளிர்கால விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வீரர்களையும் வெற்றிகளையும் பேசுவர். நாம் ஈண்டு வேறொரு வினாவை எழுப்பலாம். உறைந்த ஆற்றின்மேல் யார் யார்க்கு இடம் கிடைத்தது? மூட்டிய தீயின் அருகில் யார் அமர்ந்தனர்? குளிர் எல்லார்மீதும் ஒரே அளவில் இறங்குவதில்லை. விறகு உடையவனுக்கு அது பருவம். இல்லாதவனுக்கு அது துன்பம். இவ்வேறுபாட்டை மறந்துவிட்டுப் பனிக்கால மகிழ்ச்சியை வரலாறாக எழுதவியலாது.

தேம்ஸ் ஆற்றின்மேல் ஒரு தெரு

பதினான்காம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பா இன்றைக் காட்டிலும் குளிர்ந்திருந்தது. அறிஞர் இக்காலத்தைச் சிறு பனியூழி என்பர். அக்காலத்தில் இலண்டன் நகரத்தின் ஊடே செல்லும் தேம்ஸ் ஆறு பலமுறை உறைந்தது. அதற்குக் குளிர் ஒன்றே காரணமன்று. பழைய இலண்டன் பாலம் 19 பருத்த தூண்களின்மேல் நின்றது. தூண்களைக் காப்பதற்காக அவற்றின் அடியைச் சுற்றி எழுப்பிய மேடைகள் நீரோட்டத்தை ஓர் அணைபோல் மறித்தன. மேலிருந்து மிதந்து வந்த பனிப்பாளங்கள் பாலத்தின் குறுகிய கண்களில் சிக்கி ஒன்றோடொன்று ஒட்டின. பாலத்துக்கு மேற்புறம் தேங்கிய நீர் எளிதில் உறைந்தது.

அந்நாளில் ஆறே இலண்டனின் பெருந்தெரு. மக்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றிச் சென்று பிழைத்த படகோட்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஆறு உறைந்தால் அவர்தம் அடுப்பும் அணைந்தது. ஆகவே அவர்கள் தம் துடுப்புகளைப் பனியில் நட்டு, பாய்மரத் துணியைப் போர்த்திக் கூடாரம் அமைத்தனர். படகுக்குச் சக்கரம் பூட்டி இழுத்தனர். கரையோரப் பனியை உடைத்து, அவ்விடைவெளியில் பலகையிட்டு, அதன்மேல் நடந்து வருவோரிடம் காசு வாங்கியதும் உண்டு. 1608ஆம் ஆண்டளவில் உறைபனிச் சந்தை என்று பெயர் பெற்ற இந்தக் கூட்டம், வேலையிழந்தவர்களின் கைத்திறனால் பிறந்தது என்பது நோக்கத்தக்கது.

இச்சந்தைகளுள் பெரியது 1683–84ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் கூடியது. ஏறக்குறைய இரண்டு திங்கள் நீடித்த அக்குளிரில், தெம்பிள் படித்துறையிலிருந்து தென்கரை வரை ஆற்றின் குறுக்கே ஒரு கடைத்தெருவே எழுந்தது. குதிரை வண்டிகள் ஆற்றின்மேல் வாடகைக்கு ஓடின. மாட்டிறைச்சி சுட்டனர், பொம்மலாட்டம் ஆடினர், சறுக்குக் காலணி பூட்டி விரைந்தனர். இவற்றினும் வியப்பூட்டுவது அச்சகம். பனியின்மேல் அச்சியந்திரத்தை நிறுவி, வந்தவர் பெயரை அங்கேயே அச்சிட்டு விற்றனர். மன்னர் இரண்டாம் சார்லஸ் தம் குடும்பத்தினர் பெயர்களோடு அச்சிடுவித்த தாள் 1684 சனவரி 31 என நாளிடப்பெற்றது. ஒரு பெயருக்கு ஆறு பென்னி வாங்கிய அச்சகத்தார் நாளொன்றுக்கு ஐந்து பவுன் ஈட்டியிருக்கக்கூடும் என்று ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் கணக்கிட்டுள்ளார். தம் பெயரை அச்செழுத்தில் கண்டறியாத எளியவரும், மன்னர் பெயர் அச்சேறிய அதே பனித்தரையில் தம் பெயரையும் அச்சிட்டுக்கொள்ள முடிந்தது.

ஈவ்லின் இவ்வளவோடு நிற்கவில்லை. சந்தையின் களிப்பை எழுதிய அதே கையால் மற்றொரு பக்கத்தையும் எழுதினார். மரங்கள் இடிவிழுந்தவை போல் பிளந்தன, மனிதரும் கால்நடைகளும் மடிந்தனர், பறவைகள் மாண்டன, எரிபொருளின் விலை ஏறியதால் ஏழையரை உயிரோடு காக்க நன்கொடை திரட்ட வேண்டியதாயிற்று, குளிரால் மேலெழ முடியாத நிலக்கரிப் புகை நகரை மூடி மூச்சுத் திணற வைத்தது. வரலாறு எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய நேர்மை இதுவே எனலாம்.

இந்த இருபக்கத்தை இன்னும் கடுமையாகக் காட்டுவது 1739–40ஆம் ஆண்டுக் குளிர். அக்குளிரிலும் தேம்ஸ் உறைந்தது, கடைகள் எழுந்தன, அச்சகங்கள் பாட்டுத்தாள் விற்றன. அதே குளிர் அயர்லாந்தில் மண்ணுக்குள் கிடந்த உருளைக்கிழங்கை அழுகச் செய்தது. அதனைத் தொடர்ந்து 1740–41இல் வந்த பஞ்சத்தில் மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். அந்நாட்டு மக்கள்தொகை அப்போது ஏறக்குறைய 24 இலட்சமே. ஒரே வானிலை, ஓரிடத்தில் சந்தை, மற்றோரிடத்தில் சாவு.

கடைசி உறைபனிச் சந்தை 1814 பிப்ரவரித் தொடக்கத்தில் சில நாள்களே நடந்தது. பிளாக்ஃபிரையர்சு பாலத்தின் அருகே ஒரு யானையைப் பனியின்மேல் நடத்திக் காட்டினர் என்பர். ஆட்டை வாட்டுவதை நின்று பார்க்க ஆறு பென்னியும், அதில் ஒரு துண்டு உண்ண ஒரு சில்லிங்கும் வாங்கினர். உறைந்த தேம்ஸின் வரலாற்றைச் சொல்லும் 'ஃபிராஸ்டியானா' என்னும் நூலின் தலைப்புப் பக்கம் அந்தப் பனியின்மேலேயே அச்சிடப்பட்டது. சில நாள்களில் பனி உடைந்தது. உயிர்கள் சில பறிபோயின. 1831இல் புதிய பாலம் திறக்கப்பட்டதும் பழைய பாலத்தை இடித்தனர். பின்னர் எழுந்த கரைச்சுவர்கள் ஆற்றைக் குறுக்கி ஓட்டத்தை விரைவாக்கின. ஐரோப்பாவும் மெல்ல வெம்மையுற்றது. இலண்டன் நகருக்குள் தேம்ஸின்மேல் மீண்டும் சந்தை கூடவில்லை.

பதினொரு நகரங்களின் பாதை

இலண்டன் மாந்தர் சறுக்குக் காலணியைக் கற்றது பெரும்பாலும் டச்சுக்காரரிடமிருந்து. நாடிழந்து ஐரோப்பாவில் அலைந்த இரண்டாம் சார்லஸும் அவரைச் சார்ந்தோரும் 1660இல் அரசுரிமை பெற்று மீண்டபோது, தாம் தங்கியிருந்த தாழ்நாட்டின் பழக்கங்கள் சிலவற்றையும் உடன் கொணர்ந்தனர். 1662 டிசம்பரில் புனித ஜேம்ஸ் பூங்காவில் சறுக்குவோரைக் கண்டு சாமுவேல் பெப்பீசு வியந்து எழுதினார். இலண்டனில் வேடிக்கையாக இருந்த அக்காலணி, நெதர்லாந்தில் அன்றாடப் பொருள்.

நெதர்லாந்து கால்வாய்களின் நாடு. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே குதிரை இழுக்கும் பயணப்படகுகள் குறித்த நேரப்படி ஊர்களுக்கிடையே சென்றுவந்தன. கால்வாய் உறைந்தால் படகு நிற்கும். ஆனால் வழி அடைபடாது. மரக்கட்டையில் இரும்புத் தகடு பதித்த காலணியைக் கட்டிக்கொண்டு உழவர் சந்தைக்குச் சென்றனர். இளைஞர் அயலூர் உறவினரைக் கண்டுவந்தனர். பனியின்மேலேயே சிறுகடை வைத்து அப்பமும் சூடான பானமும் விற்றனர். வீட்டிலும் கோவிலிலும் பெண்டிர் துளையிட்ட சிறு மரப்பெட்டியின்மேல் பாதம் வைத்து அமர்ந்தனர். அதனுள்ளே சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த எரிமண்ணின் தணல் கிடக்கும்.

இக்காட்சியை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் ஹென்றிக் ஆவர்காம்ப் என்னும் ஓவியர். 1585இல் பிறந்து 1634இல் மறைந்த இவர் பேச இயலாதவர். காம்பன் நகரின் ஊமையர் என்றே அறியப்பட்டார். இவர் தீட்டிய பனித்தரைகளில் பட்டாடை உடுத்த செல்வரும் கந்தலணிந்த இரவலரும் ஒரே தரையில் நிற்கின்றனர். ஒருவர் காதலியின் கைபற்றிச் செல்ல, மற்றொருவர் விழுந்து கிடக்கிறார். ஒருவர் மீன் பிடிக்க, மற்றொருவர் சுமை இழுக்கிறார். நிலத்தின்மேல் வேலியும் வாயிலும் உண்டு. உறைந்த நீருக்கு அவை இல்லை. அதனால்தான் ஓவியர் இத்தனை வகை மாந்தரை ஒரே படத்தில் நிறுத்த முடிந்தது.

டச்சு நாட்டின் வடபகுதியாகிய ஃபிரீஸ்லாந்தில் பதினொரு பழைய நகரங்களைக் கால்வாய்களும் ஏரிகளும் இணைக்கின்றன. அவை அனைத்தையும் ஒரே நாளில் சறுக்கிக் கடப்பது அவ்வூர் இளைஞரின் பழைய ஆசை. 1909இல் அது முறையான போட்டியாயிற்று. லேவார்டன் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் பாதை ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழிநெடுகப் பனி 15 சென்டிமீட்டர் தடிப்பு இருந்தால் மட்டுமே போட்டி நடக்கும் என்பதால் அது ஆண்டு விழா ஆகவில்லை. 1909 முதல் இதுவரை நடந்தது பதினைந்து முறைதான்.

போட்டி என்ற பெயர் இருப்பினும் அதன் பெருமை முதலிடத்தில் மட்டும் இல்லை. ஓடுவோர் சிலர்; நகரந்தோறும் அட்டையில் முத்திரை பெற்றுப் பயணத்தை முடிப்பதையே பேறாகக் கருதுவோர் ஆயிரக்கணக்கினர். 1956இல் முன்னணியில் வந்த ஐவர் ஒருவரையொருவர் முந்த மறுத்துக் கைகோத்து எல்லையைக் கடந்தனர். விதிக்கு மாறென்று எவருக்கும் வெற்றி வழங்கப்படவில்லை. 1963 சனவரி 18 அன்று கடுங்குளிரிலும் பனிப்புயலிலும் நடந்த பயணத்தில் ஏறக்குறைய 10,000 பேர் புறப்பட்டனர். போட்டியாளர் அல்லாத பயணிகளுள் 69 பேரே முடித்தனர். பனி நலிந்த இடங்களில் ஊரார் தரையின்மேல் விரிப்புகளைப் பரப்பி, சறுக்குக் காலணியோடு நடந்து செல்ல வழிசெய்வர். 1986இல் அந்நாட்டு இளவரசர் வேறொரு பெயரில் பதிந்து, பொதுமக்களுள் ஒருவராக அப்பாதையைக் கடந்தார். அவரே 2013 முதல் அந்நாட்டின் மன்னர்.

விளக்கைச் சுற்றி

இன்னும் வடக்கே செல்லச் செல்லப் பகல் குறுகிவிடுகிறது. ஐசுலாந்தில் நடுக்குளிர்காலத்தில் சில மணி நேரமே கதிரொளி உண்டு. அங்கே வெளியில் ஆடுவதற்குப் பொழுதில்லை. மகிழ்ச்சியை வீட்டினுள்ளேதான் தேட வேண்டும். அம்மக்கள் அதனைத் தேடிய வழி இலக்கியத்தைப் போற்றுவோர் அனைவரும் அறியத்தக்கது.

மரம் அரிய அத்தீவில், புல்லை வேரோடு பெயர்த்த மண்கட்டிகளை அடுக்கி வீடு கட்டினர். அவ்வீட்டில் குடும்பத்தாரும் ஏவலரும் ஒருங்கே உறங்கவும் உழைக்கவும் ஒரு பொது அறை இருந்தது. மாலையில் விளக்கேற்றியதும் அனைவரும் தத்தம் படுக்கையில் அமர்ந்து கம்பளி சிக்கெடுப்பர், நூல் நூற்பர், பின்னுவர். ஒருவர் மட்டும் வேலை செய்யார். அவர் மற்றவர்க்குப் படிப்பார். பல நூற்றாண்டுகளுக்கு முன் கன்றின் தோலில் எழுதப்பெற்ற சாகா என்னும் குடிவரலாற்றுக் கதைகளையும், ரீமூர் என்னும் நெடும்பாட்டுகளையும் இராகமிட்டு ஓதுவார். இதனை மாலை விழிப்பு என்று பொருள்படும் பெயரால் வழங்கினர். கடலுயிர்க் கொழுப்பில் எரிந்த மங்கிய விளக்கு ஒன்றே. ஆகவே படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர். ஊர் ஊராகச் சென்று பாட்டுரைப்போர்க்கு எந்த வீட்டிலும் உணவும் இடமும் கிடைத்தன.

இப்பழக்கம் ஓய்வில் பிறந்ததன்று. கம்பளி வேலை முடியாமல் உறக்கமில்லை. அவ்வேலையின் சலிப்பைத் தாங்கவே கதை தேவைப்பட்டது. 1746இல் பிறந்த குடும்ப ஒழுங்குச் சட்டம் ஒன்று, சமயநூல் படிக்க வேண்டிய வீடுகளில் வீண்கதைகளும் ரீமூர் பாட்டுகளும் ஓதப்படுவதைக் கண்டித்தது. மக்கள் விட்டாரில்லை. 1783இல் லாக்கி எரிமலை வெடித்துக் கால்நடைகள் அழிந்து, மக்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்ட பின்னரும் அப்பழக்கம் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது வாழ்ந்தது. பள்ளிகள் அரிதான அந்நாட்டில் எழுத்தறிவு பரவியதற்கு அக்குளிர்கால மாலைகளும் ஒரு காரணம் எனலாம். கிறித்துமசு நாளில் நூல்களைப் பரிசளிக்கும் வழக்கம் 1944ஆம் ஆண்டளவில் அங்கே வேரூன்றி இன்றுவரை தொடர்வதும் இம்மரபின் தொடர்ச்சி போலவே தோன்றுகிறது.

கூரைக்குள் வந்த பனி

வெளியில் ஆடும் பனியையே வீட்டுக்குள் கொணரும் முயற்சியும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் 1862இல் திறக்கப்பெற்ற விக்டோரியா சறுக்குக்கூடம் அவ்வகையில் புகழ்பெற்றது. பெருங்கூரையின்கீழ் நீரைப் பரப்பி, இயற்கைக் குளிரால் உறையவிட்டு, எரிவாயு விளக்கொளியில் சறுக்கினர். மாறுவேட விழாக்கள் நடந்தன. 1870இல் நடந்த அத்தகைய விழா ஒன்றை வில்லியம் நோட்மன் என்னும் நிழற்படக் கலைஞர் படமாக்கினார். அசைவோரைப் பிடிக்க அந்நாளையப் படக்கருவியால் இயலாது. எனவே வந்தவர்களைத் தனித்தனியே படமெடுத்து, வெட்டி ஒட்டி, ஒரே காட்சியாக்கினார். 1875 மார்ச் 3 அன்று அக்கூடத்தில் ஒன்பதின்மர் கொண்ட இரு அணிகள் பனி ஹாக்கி ஆடின. பந்து துள்ளிப் பார்வையாளர்மீது படாதிருக்கத் தட்டையான மரவில்லையைப் பயன்படுத்தினர். உள்ளரங்கில் ஒழுங்குபடுத்தி ஆடிய முதல் பனி ஹாக்கி ஆட்டம் அதுவே என்பர்.

மறு ஆண்டு, 1876இல், இலண்டனில் ஜான் காம்ஜி என்பவர் குளிரூட்டும் குழாய்களைத் தரையில் பதித்துச் செயற்கைப் பனித்தரை அமைத்தார். தொலைநாட்டு இறைச்சி கெடாமல் வருவதற்காகக் குளிரூட்டும் முறைகளை ஆராய்ந்தபோது அவர் இதற்கு வழி கண்டார். சுவர்களில் ஆல்ப்ஸ் மலைக்காட்சிகள் தீட்டப்பட்டிருந்தன. ஆனால் அக்கூடம் உறுப்பினர் கட்டணம் செலுத்திய செல்வர்க்கே திறந்தது. தேம்ஸின்மேல் பலகைக்குக் காசு கொடுத்த எவரும் உள்ளே வரலாம் என்றிருந்த நிலை மாறி, பனிக்கு வாயிலும் காவலும் வந்தன. பிற்காலத்தில் நகராட்சிகள் அமைத்த பொதுக்கூடங்கள் இக்குறையைப் பெரிதும் தீர்த்தன என்பதையும் கூறவேண்டும்.

வாராத பனி

இன்று புதியதொரு கேள்வி எழுந்துள்ளது. ஃபிரீஸ்லாந்தின் பதினொரு நகரப் பயணம் கடைசியாக நடந்தது 1997 சனவரி 4 அன்று. 2012 பிப்ரவரியில் நாடே ஆவலோடு காத்திருந்தது. சில இடங்களில் பனி போதிய தடிப்பு அடையாததால் கைவிடப்பட்டது. டச்சுக்காரர் பலர் 1989 முதல் ஆஸ்திரியாவின் மலையேரி ஒன்றுக்குச் சென்று அதே தொலைவைச் சறுக்கி மனநிறைவு கொள்கின்றனர். கனடாவின் ஒட்டாவா நகரில், 1832இல் கட்டிமுடித்த ரிடோ கால்வாயின் 7.8 கிலோமீட்டர் நீளத்தில் 1971 முதல் மக்கள் கட்டணமின்றிச் சறுக்கி வருகின்றனர். 2022–23ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அது ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. அவ்வாறு நேர்ந்தது அதன் வரலாற்றில் அதுவே முதல்முறை. பின்வந்த ஆண்டில் திறக்கப்பட்டபோதும் பனி சில நாள்களே தாங்கியது.

உலகு வெம்மையுறுவதன் தீங்குகளைப் பேசும்போது விளைச்சலையும் வெள்ளத்தையும் முதலில் எண்ணுவது முறையே. கடுங்குளிர் தணிந்தால் ஏழையர்க்கு நலம் என்று கூறுவாரும் உளர். ஈவ்லின் கண்ட இலண்டனையும் 1740ஆம் ஆண்டு அயர்லாந்தையும் நினைப்போர் அக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் இழப்பு ஒன்று உண்டு. உறைந்த ஆறும் கால்வாயும் எவர்க்கும் உரிமையில்லாத, எல்லார்க்கும் இடமுள்ள தரையாக இருந்தன. அரசரும் படகோட்டியும், செல்வரும் இரவலரும் சில நாளேனும் அங்கே ஒருங்கு நின்றனர். கட்டணக்கூடத்தின் செயற்கைப் பனி ஆட்டத்தைத் தரும். அந்தத் தரையைத் தருமா என்பது ஐயமே.

ஐசுலாந்து வீட்டின் மாலை விழிப்புக்கோ பனியும் வேண்டியதில்லை. ஒரு விளக்கு, ஒரு நூல், படிக்க ஒருவர், கைவேலையோடு கேட்கச் சிலர். அவ்வளவே அதற்குத் தேவை. பத்து ஆண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிப் படித்தும் கேட்டும் வரும் இலக்கிய வட்டத்தார்க்கு அம்மக்கள் அயலார் ஆகார். யாழ் நரம்புக்கு வெம்மையூட்டிய மகளிரும், மண்வீட்டில் சாகா ஓதியவரும் குளிர்ந்த பொழுதில் செய்தது ஏறத்தாழ ஒரே செயல். அச்செயலைத் தொடர்வது நம் கையில் உள்ளது.